பின் கண்ணாடி

கோவில்பட்டி

அன்புள்ள மருமகன் முகிலனுக்கு,

மாமா எழுதுகிறேன். நீ கார் வாங்கின செய்தியை அக்கா போனில் சொன்னபோது அவள் குரல் கம்மிப் போயிருந்தது. சந்தோஷம் கூடினால் அவளுக்கு அப்படித்தான் ஆகும். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நீ வண்டியை ஏற்றின வீடியோவை நானும் உன் அத்தையும் மூன்று தடவை பார்த்தோம். ஏழு வருஷம் ஓடின வண்டியாக இருக்கட்டுமே, உன் சம்பளத்தில் வாங்கினது. உன் தாத்தா கடைசி வரைக்கும் சைக்கிளைத் தாண்டவில்லை. நான் மொபெட்டோடு நின்றுவிட்டேன். நம் வீட்டின் முதல் கார் உன்னுடையது.

மறுநாளே எனக்கு மூன்று படம் அனுப்பினாய். கூடவே ஒரு குரல் பதிவு. "மாமா, பின் கண்ணாடி முழுக்க வரணும். பின்னாடி வர்றவன் கண்ணை எடுக்கக் கூடாது. பொங்கலுக்கு வர்றப்ப ஒட்டிக் குடுத்துருங்க." முதல் படம் கிரீடம் வைத்த சிங்கம். இரண்டாவது, எதிரிக்குச் சவால் விடுகிற ஒரு வசனம். மூன்றாவது, நம் சாதிப் பெயர். அதற்குக் கீழே குறுக்காக இரண்டு வாள்.

"சரி மாப்ள" என்று போட்டுவிட விரல் போனது. போடவில்லை. போனில் பேசலாம் என்றால், பாதியில் உனக்கு ஆபீஸ் கால் வந்துவிடும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாகப் படி.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். வண்டியில் எதையாவது ஒட்ட வேண்டும், எழுத வேண்டும் என்று உனக்குத் தோன்றியதில் எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. அந்த ஆசையில்தான் நான் இத்தனை வருஷம் சோறு தின்றிருக்கிறேன். கம்பெனியிலிருந்து ஒரே நிறத்தில், ஒரே அச்சில் ஆயிரக்கணக்கில் வண்டிகள் இறங்குகின்றன. அதில் ஒன்று நம்முடையது என்று ஆனதும், அதில் நம் கைபட்ட அடையாளம் ஒன்று வேண்டும் என்று மனசு கேட்கிறது. புது வீட்டு நிலைப்படியில் மஞ்சள் பூசுகிற மாதிரிதான் இதுவும்.

1989-ல் நான் போர்டு எழுதுகிறவர் ஒருவரிடம் எடுபிடியாகச் சேர்ந்தேன். அப்போது ஸ்டிக்கர் கிடையாது. எனாமல் பெயிண்டும் பிரஷ்ஷும்தான். நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் பாடி கட்டின லாரிகள் தீப்பெட்டி ஏற்ற இங்கே வந்து நிற்கும். பாடி கட்டின இடத்திலேயே பூவும் மயிலும் திருஷ்டிப் பொம்மையும் 'ஒலி எழுப்பவும்' என்ற எழுத்தும் போட்டுத்தான் அனுப்பியிருப்பார்கள். ஆனாலும் டிரைவர்கள் எங்களைத் தேடி வருவார்கள், ஒரு பெயரை மட்டும் எழுதிக்கொள்ள. அநேகமாக அது மகளின் பெயராக இருக்கும். முன் கண்ணாடிக்கு மேலே, நெற்றியில். ஒரு டிரைவர் எழுத்து காயும் வரை லாரி நிழலிலேயே குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். காய்ந்ததும் ஏணியில் ஏறி, அந்தப் பெயருக்குப் பக்கத்தில், பெயிண்டில் படாமல் தகரத்தில் மட்டும் விரலை வைத்துப் பார்த்துவிட்டு இறங்கினார். குவாஹாட்டிக்குப் போகிறேன், திரும்ப ஒரு மாசம் ஆகும் என்றார். அந்த எழுத்து யாரையும் மிரட்டுவதற்கு எழுதினது இல்லை. எதிரே வருகிறவன் அதைப் படித்தாலும் சரி, படிக்காவிட்டாலும் சரி. அவருக்கு அது துணை.

பிறகு ஒளி திருப்புகிற ஸ்டிக்கர் ஷீட் வந்தது. ஊர் அதற்கு 'ரேடியம்' என்று பெயர் வைத்தது. நீ சின்னப் பையனாக இருந்தபோது, "இதுக்குள்ள நிஜமாவே ரேடியம் இருக்கா மாமா?" என்று கேட்டாய். அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். போன நூற்றாண்டின் தொடக்கத்தில் இருட்டில் மணி பார்ப்பதற்காகக் கடிகார முள்ளில் ரேடியம் கலந்த சாயம் பூசினார்கள். அமெரிக்காவில் அந்த வேலை செய்த பெண்கள் பலர், பிரஷ் முனையை உதட்டில் வைத்துக் கூராக்கிக் கூராக்கி, தாடை எலும்பு அரித்துச் செத்துப் போனார்கள். நம் கடை ஷீட்டில் அந்த ரேடியம் ஒரு துளிகூட இல்லை. நுணுக்கமான கண்ணாடி மணிகளோ பட்டைகளோ அதில் பதிந்திருக்கின்றன. விழுகிற வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்புவது மட்டும்தான் அவற்றின் வேலை. சுயமாக அதற்கு ஒளி கிடையாது. ராத்திரியில் உன் காருக்குப் பின்னால் வருகிறவனின் ஹெட்லைட் பட்டால்தான் எழுத்து எரியும். எரிவதும் அவன் கண்ணுக்கு மட்டுமே. உள்ளே உட்கார்ந்திருக்கிற நீ அதைப் பார்க்கவே மாட்டாய்.

இதை நீ கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும் மாப்பிள்ளை. பின் கண்ணாடியில் ஒட்டுவதை உலகமே படிக்கும், ஓட்டுகிறவன் ஒருத்தன்தான் படிக்க முடியாது. படிக்கிறவன் முகமும் அவனுக்குத் தெரியாது. சட்டையில் ஒரு வாசகம் போட்டுக்கொண்டு தெருவில் போனால், எதிரே வருகிறவர் முகம் சுளிப்பது உடனே தெரிந்துவிடும். மறுநாள் அந்தச் சட்டையைப் போட மாட்டோம். காரில் அப்படி இல்லை. சிக்னலில் உனக்குப் பின்னால் ஒன்றரை நிமிஷம் நிற்கிற ஆட்டோவில் யார் இருக்கிறார்கள்? ஆஸ்பத்திரிக்குப் போகிற கிழவியா, பரீட்சைக்குப் போகிற பிள்ளையா, உன் சாதிக்காரனிடம் அடி வாங்கின ஒருவரின் மகனா? அவர்கள் வேறு பக்கம் திரும்ப முடியாது. கண்ணுக்கு நேரே நீ ஒட்டினதுதான் இருக்கும். பச்சை விழுந்ததும் நீ போய்விடுவாய்.

ஒட்டுகிறவன் நினைத்தது ஒன்று, படிக்கிறவனுக்குப் போய்ச் சேருவது ஒன்று. 2015-ல் காசர்கோடு பக்கம் கும்பளாவில் கரண் ஆசார்யா என்ற ஓவியரிடம் ஊர் இளைஞர்கள் விநாயகர் சதுர்த்திக்கு ஒரு கொடி கேட்டார்கள். காவி நிறமும் கறுப்புமாக ஓர் ஆஞ்சநேயர் முகம் வரைந்து கொடுத்தார். நீயும் பார்த்திருப்பாய், புருவம் நெரித்த அந்த முகத்தை. இரண்டு மூன்று வருஷத்தில் அது நாடு முழுக்கக் கார்க் கண்ணாடிகளில் ஏறிவிட்டது. 2018-ல் பிரதமரே மங்களூரில் மேடையில் அவரைப் பாராட்டினார். வரைந்தவரோ, தான் வரைந்தது கோபம் இல்லை, மிடுக்கு என்றுதான் சொன்னார். ஆனால் படம் அவர் கையை விட்டுப் போய் ரொம்ப நாளாகியிருந்தது. ஒருவருக்கு அது பக்தி, இன்னொருவருக்கு வீரம், வேறொருவருக்குப் பயம். நானே எத்தனையோ வெட்டிக் கொடுத்திருக்கிறேன். பக்தியாக வாங்கிப் போனவர்களையும் தெரியும், அடுத்த தெருக்காரன் பார்க்கட்டும் என்று வாங்கிப் போனவர்களையும் தெரியும். இருவர் கையிலும் நான் கொடுத்தது ஒரே ஸ்டிக்கர்.

இப்போது உன் மூன்றாவது படத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதம் எழுதுவதே அதற்காகத்தான்.

பத்து வருஷம் இருக்கும். இருபத்துமூன்று வயசுப் பையன் ஒருவன் புதுச் சிவப்புக் கார் ஒன்றோடு கடைக்கு வந்தான். நீ கேட்ட அதே மாதிரி. பின் கண்ணாடி முழுக்கச் சாதிப் பெயர், டிக்கி மேலே அதே பெயர் இன்னொரு தரம், ஆறு அங்குல எழுத்தில், மஞ்சளில். நான் தட்டவில்லை. கம்ப்யூட்டரில் எழுத்தைப் போட்டு, கட்டிங் மெஷினில் கொடுத்து, வேண்டாத பகுதியை ஊசிமுனையால் உரித்து எடுத்து, மேலே டேப் போட்டு, சோப்புத் தண்ணி தெளித்து, ஸ்க்ரேப்பரால் ஒரு குமிழிகூட இல்லாமல் தேய்த்து ஒட்டினேன். தொழிலில் எனக்கு இருந்த சுத்தம் அத்தனையையும் அதில் காட்டினேன். 1,200 ரூபாய் வாங்கினேன். அவன் பத்தடி தள்ளிப் போய் நின்று பார்த்துவிட்டு, "சூப்பர் அண்ணாச்சி" என்றான். எனக்கும் அன்றைக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மூன்று வருஷம் கழித்து ஒரு ராத்திரி, ஷட்டரை இறக்கப் போகிற நேரத்தில் அதே கார் வந்து நின்றது. அம்மாவும் கூட வந்திருந்தாள், ஆனால் காரை விட்டு இறங்கவில்லை. "அண்ணாச்சி, இதை எடுத்து விட்டுருங்க. இப்பவே." காலையில் வா என்றேன். இல்லை, இப்பவே என்றான். ஹீட் கன்னைச் சூடாக்கிக்கொண்டே என்ன தம்பி என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சும்மா நின்றான். அப்புறம் சொன்னான். காலேஜில் இவனோடு ஒரே ரூமில் மூன்று வருஷம் இருந்த சிநேகிதனின் அப்பா இறந்துவிட்டார். இவன் காரை எடுத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போயிருக்கிறான். அவர்கள் வேறு சாதி. தெருமுனையில் காரை நிறுத்திவிட்டு மாலையோடு நடந்து போயிருக்கிறான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எல்லாம் முடிந்து கிளம்பும்போது சிநேகிதனின் அம்மா வழியனுப்பத் தெருமுனை வரைக்கும் வந்திருக்கிறாள். படிக்கிற காலத்தில் ஒவ்வொரு லீவுக்கும் இவனுக்குச் சோறு போட்ட அம்மா. காரைப் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு, "இதுலயா தம்பி வந்த?" என்று கேட்டிருக்கிறாள். அவ்வளவுதான். வேறு ஒரு வார்த்தை இல்லை. அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்றான்.

கண்ணாடியில் இருந்தது லேசாக வந்துவிட்டது. சூடு காட்டி, ஒரு மூலையை நகத்தால் நெம்பி, படுக்கை வாட்டத்தில் மெதுவாக இழுத்தால் முழு எழுத்தாகவே வரும். மிச்சப் பசையை மண்ணெண்ணெயில் துடைத்தேன். டிக்கி மேலே இருந்ததுதான் பாடுபடுத்தியது. மூன்று வருஷ வெயில். வினைல் காய்ந்து பொரிந்து, துணுக்குத் துணுக்காக உடைந்தது. ஒருவழியாக எடுத்து முடித்துத் துடைத்தால், பெயர் அப்படியே இருக்கிறது. ஸ்டிக்கர் இல்லை, பெயர் இருக்கிறது. சுற்றியிருந்த பெயிண்ட் வெயிலில் வெளுத்துவிட்டது. எழுத்துக்கு அடியில் இருந்தது மட்டும் ஷோரூமிலிருந்து வந்த அன்றைய சிவப்பு. நான் அவ்வளவு கவனமாக ஒட்டியிருந்ததால் விளிம்புகூடக் கலங்கவில்லை. காம்பவுண்டு போட்டுத் தேய்த்தேன். இரண்டு மணி நேரம். அவனும் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுத் தேய்த்தான். நேராக நின்று பார்த்தால் தெரியவில்லை. தலையைச் சாய்த்து, டியூப்லைட் வெளிச்சம் சறுக்குகிற கோணத்தில் பார்த்தால் ஒவ்வொரு எழுத்தும் தெரிந்தது. அவனும் அதைப் பார்த்தான். "இன்னும் இருக்கு அண்ணாச்சி" என்றான். காசு வாங்கவில்லை. அந்த ராத்திரிக்குப் பிறகு என் கடையில் சாதிப் பெயர் வெட்டுவதில்லை. எந்தச் சாதியும். நம்முடையதும். அதனால் வராமல் போன வாடிக்கையாளர்கள் நிறைய. உன் அத்தைக்கு அந்தக் கணக்கு தெரியும், ஒருநாள்கூடக் குறை சொன்னதில்லை.

உன் நோட்டுப் புத்தகத்தின் அட்டையில் நீ என்ன எழுதுவாய்? மு. முகிலன். அப்பா பெயரின் முதல் எழுத்து, பிறகு உன் பெயர். உன்னோடு வேலை பார்க்கிற வடநாட்டுக்காரர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். இது தானாக வந்தது இல்லை. 1929-ல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். வழிவழியாக வந்த பட்டத்தைப் பலர் தாங்களாகவே வெட்டி எறிந்தார்கள். அந்த வழக்கம் மெல்ல மெல்ல ஊரெல்லாம் பரவித்தான் உனக்கு இந்த வெறும் பெயர் கிடைத்தது. தாத்தாக்கள் பெயருக்குப் பின்னாலிருந்து எடுத்ததைப் பேரன்கள் வண்டிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போவதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு வலிக்கிறது. அதைப் பணம் வாங்கிக்கொண்டு ஒட்டிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன் என்பதால் கூடுதலாக வலிக்கிறது.

நம் பக்கத்தில் இது வெறும் பெயர் இல்லை என்பது உனக்கே தெரியும். நாங்குநேரி இங்கிருந்து ரொம்ப தூரமில்லை. 2023 ஆகஸ்டில் அங்கே ஒரு மாணவனைக் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதற்குப் பிறகு அரசு நீதிபதி சந்துருவை வைத்து ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அவர் கொடுத்த அறிக்கையில், மாணவர்கள் மணிக்கட்டில் சாதி நிறத்தில் கயிறு கட்டக் கூடாது என்று இருக்கிறது. அது எல்லாரும் பேசின விஷயம். அதோடு இன்னொன்றும் இருக்கிறது: சாதியைக் காட்டுகிற மாதிரி நிறம் அடித்த சைக்கிளில் பள்ளிக்கூடத்துக்கு வரக் கூடாது. பதிமூன்று வயசுப் பிள்ளையின் சைக்கிளுக்கு அந்த நிறம் எங்கிருந்து வந்தது? அண்ணன்மார்களின் பைக்கைப் பார்த்து, மாமன்மார்களின் காரைப் பார்த்து வந்தது. நீ சென்னையில் ஒட்டினால் அது உனக்கு ஒரு கெத்து. பொங்கலுக்கு அந்தக் காரை நம் தெருவில் நிறுத்தினால், நாலு பொடியன்கள் அதைச் சுற்றி நின்று எழுத்துக் கூட்டிப் படிப்பார்கள். 2025 செப்டம்பரில் உத்தரப் பிரதேசத்திலும் வண்டிகளில் சாதிப் பெயர் ஒட்டக் கூடாது என்று அரசு உத்தரவே போட்டது. உத்தரவுக்குப் பயந்து நீ விட வேண்டாம். அந்தச் சிநேகிதனின் அம்மா கேட்ட கேள்வியை நினைத்து விடு.

அடுத்தது வசனம். 2008-ல் அமெரிக்காவில் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஸ்லெம்கோ என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். காரில் ஸ்டிக்கரும் அலங்காரமும் அதிகம் வைத்திருக்கிறவர்கள், அவை இல்லாதவர்களைவிடச் சாலையில் சீக்கிரம் சீறுகிறார்கள், முட்டுவது போல ஒட்டிப் போகிறார்கள் என்று கண்டார்கள். ஸ்டிக்கரில் என்ன எழுதியிருக்கிறது என்பதில் வித்தியாசம் இல்லை. சமாதானம் பேசுகிற வாசகமும் சரி, சண்டை வாசகமும் சரி. எத்தனை இருக்கிறது என்பதுதான் கணக்கு. கார் நம் வீடு மாதிரி, சாலை எல்லாருக்கும் பொது. அடையாளம் கூடக் கூட, சாலையையும் நம் வீட்டு முற்றமாக மனசு எண்ணிவிடுகிறதாம். இதை வைத்து ஸ்டிக்கர் ஒட்டினவன் எல்லாம் சண்டைக்காரன் என்று சொல்லிவிடாதே. என் டிரைவர்கள் பலர் தங்கமானவர்கள். ஆனால் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் அமைதியாகப் போகிற பையனுக்கு எதிரியைப் பற்றிய வசனம் எதற்கு? நாலு வழிச்சாலையில் உன்னை முந்துகிறவன் அதைப் படித்துவிட்டு முந்துவான். படித்துவிட்டான் என்று உனக்கும் தெரியும். அப்புறம் உன் கால் ஆக்சிலரேட்டரில் எப்படி இருக்கும் என்று நீயே யோசி. உனக்கு எதிரி என்று யாரும் இல்லை முகிலா. இல்லாத எதிரியைக் கண்ணாடியில் எழுதி வரவழைத்துக்கொள்ளாதே.

சிங்கத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. இடம்தான் தப்பு. முழுக் கண்ணாடியையும் அடைத்தால் உள் கண்ணாடியில் உனக்குப் பின்னால் வருகிற பைக் தெரியாது. துளை போட்ட ஷீட் இருக்கிறது, வெளியே படம், உள்ளே பார்த்தால் தெரியும் என்று கடைக்காரன் சொல்வான். பகலில் ஓரளவு தெரியும். மழையில், ராத்திரியில் உட்கார்ந்து பார்த்தவனுக்குத்தான் அதன் லட்சணம் புரியும். விதியும் இடம் கொடுக்காது. முன், பின் கண்ணாடிகள் நூற்றுக்கு 70 பங்கு வெளிச்சமாவது விட வேண்டும், பக்கக் கண்ணாடிகள் 50. 2012-ல் உச்ச நீதிமன்றம் கறுப்பு ஃபிலிமைக் கிழிக்கச் சொன்னது இந்த விதியை வைத்துத்தான்.

நீ டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, உள் கண்ணாடியைச் சரியாக வைத்துக்கொண்டு, பின் கண்ணாடியில் எந்தப் பகுதி உனக்குத் தெரிகிறதோ அதைச் சுற்றி ஒரு ஆளை விட்டு மாஸ்கிங் டேப் ஒட்டச் சொல். அந்தக் கட்டத்துக்குள் எதுவும் வரக் கூடாது. கட்டத்துக்கு வெளியே இடது கீழ் மூலையில் உள்ளங்கை அளவு மிஞ்சும். அது போதும்.

கூட வேலை பார்க்கிற யாரோ அரசு முத்திரை போட்ட ஸ்டிக்கர் தருவதாகச் சொன்னதாக அக்கா சொன்னாள். வேண்டாம். நீ பார்க்காத உத்தியோகத்தின் மரியாதை உனக்கு எதற்கு? நம்பர் பிளேட்டில் கைவைக்கவே வைக்காதே. 2024 மே மாதத்திலிருந்து சென்னைப் போக்குவரத்துப் போலீஸ் இதற்கு அபராதம் போடுகிறது, முதல் தடவை 500, அடுத்து 1,500. காசைவிட, டோல்கேட்டில் ஒரு பொய்க்கு சல்யூட் வாங்கிப் பழகிவிட்டால் அது இல்லாமல் வண்டி ஓட்ட முடியாமல் போய்விடும். அப்படிப்பட்டவர்கள் சிலரை எனக்குத் தெரியும். நாளைக்கு உனக்குப் பிள்ளை பிறந்தால் அதன் பெயரையும் பள்ளிக்கூடத்தையும் சேர்த்துக் கண்ணாடியில் எழுதாதே. பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட யாருக்கும் நாமே கற்றுக் கொடுக்கக் கூடாது. லாரி டிரைவர் பெயர் எழுதின காலம் வேறு. குவாஹாட்டியில் அந்தக் குழந்தையை யாருக்கும் தெரியாது.

சரி, பிறகு எதைத்தான் ஒட்டுவது என்று கேட்பாய்.

நீ ஆறாவது படித்தபோது முழுப்பரீட்சை லீவுக்கு இங்கே வந்திருந்தாய். உன்னையும் உன் தங்கச்சியையும் கூந்தன்குளத்துக்குக் கூட்டிப் போனேன். மரம் தெரியாதபடி நாரைகள் உட்கார்ந்திருந்தன. ஊருக்குள்ளே, வீட்டுக் கொல்லை மரங்களிலே கூடு. அந்த ஊர்க்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை என்று ஒரு பெரியவர் சொன்னார். நீ வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாய். மறுநாள் கடையில், நான் வெட்டி மிஞ்சின துண்டுகளைப் பொறுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாய். வெள்ளையில் உடம்பு, கறுப்பில் இறக்கை ஓரம், மஞ்சளில் நீள மூக்கு. பிளேடு விரலில் பட்டு ரத்தம் வந்தது, அம்மாவிடம் சொல்லாதீங்க என்றாய். கழுத்து மட்டும் சரியாக வரவில்லை என்று நாலு தடவை வெட்டினாய். ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிற நாரை. அதை என் கடைச் சைக்கிளின் செயின் கவரில் ஒட்டினாய்.

அந்த வாரம் முழுக்க, டீக்கடையில் சைக்கிளை நிறுத்தினால் ஆள் நின்று கேட்டார்கள், "அண்ணாச்சி, இது என்ன கொக்கா?" நான் கூந்தன்குளத்து நாரை, என் மருமகன் வெட்டினது என்பேன். அதைக் கேட்டு ஒருத்தர் தன் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போய்விட்டு வந்து எனக்குச் சொன்னார். நான் அறுபது பேருக்கு ஒட்டின சிங்கத்தைப் பற்றி என்னிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. இன்னார் ஆள் என்று பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். அந்த நாரையைப் பார்த்தவர்கள் நின்று பேசினார்கள்.

அதனால் மூன்று படத்தையும் அழித்துவிடு. புதுசாக ஒன்று நீயே வரை. நாரையாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. நீ வருஷா வருஷம் மலை ஏறுகிறாய், அந்த மலையின் விளிம்பை வரை. அக்கா வாசலில் போடுகிற ஐந்து புள்ளிக் கோலத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு வா. உனக்குப் பிடித்தது எதுவோ அது. யாராவது சிக்னலில் கண்ணாடியை இறக்கி, "என்ன தம்பி இது?" என்று கேட்டால் உனக்குச் சொல்ல ஒரு கதை இருக்க வேண்டும். அதைச் சொல்லும்போது கேட்கிறவர் யார் என்று நீ யோசிக்க வேண்டிய நிலைமை வரக் கூடாது. பென்சிலில் வரைந்தால் போதும். மெஷினில் கொடுக்காமல் பழையபடி பிளேடால் நானே வெட்டித் தருகிறேன். கண் கொஞ்சம் மங்கல்தான், கை இன்னும் நடுங்கவில்லை. காஸ்ட் வினைல் ஒரு சுருள் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். சாதா ஷீட்டைவிட விலை கூட, ஆனால் நம் ஊர் வெயிலுக்குச் சுருங்காது. டிக்கியில் வேண்டாம், கண்ணாடியிலேயே ஒட்டுவோம். நாளைக்கு உன் மனசு மாறினால் சுத்தமாக எடுத்துவிடலாம்.

அந்தச் சைக்கிள் கடைக்குப் பின்னால்தான் நிற்கிறது. சக்கரத்தில் காற்று இல்லை. நாரைக்கு மூக்கின் மஞ்சள் வெளுத்துவிட்டது, தூக்கின கால் உரிந்து போய்விட்டது. மிச்சம் அப்படியே இருக்கிறது, வந்து பார்.

கிளம்புகிற அன்றைக்கு வண்டியைக் கழுவு. ஆனால் கண்ணாடிக்குப் பாலிஷ் எதுவும் போட்டுவிடாதே, பசை பிடிக்காது.

அன்புடன்,
மாமா